முகத்தில் ஏறும் ஊசிக்கு யார் பொறுப்பு? வடமாகாண சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வடமாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைச் சபையினர் ஆகியோருக்கு,

மதிப்புக்குரியவர்களே,

யாழ்ப்பாண நகரிலும் அதைச் சுற்றியுள்ள பட்டினங்களிலும் முகச் சுருக்கத்தை மறைப்பதற்கும், உதட்டைப் பருக்க வைப்பதற்கும், மூக்கை நிமிர்த்துவதற்கும், தோலை வெளுப்பாக்குவதற்கும் ஊசி ஏற்றிக்கொள்ளும் வழக்கம் சத்தமில்லாமல் பரவி வருகின்றது. கலியாணப் பருவம் நெருங்கும்போது இதற்கான விளம்பரங்கள் நகைக்கடை விளம்பரங்களுக்கு ஈடாகக் கைத்தொலைபேசியில் வந்து குவிகின்றன. ஊசி ஏற்றுபவர் யார், குப்பிக்குள் இருப்பது என்ன, ஏதேனும் பிழைத்துப்போனால் அந்த அறையிலேயே என்ன செய்ய முடியும் என்ற மூன்று விபரங்களையும் அந்த விளம்பரங்களில் தேடியிருக்கிறேன். விலைக்கழிவு எத்தனை வீதம் என்பது மட்டும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்தில் ஊசி ஏற்றப்படும் அறை எங்கிருந்தாலும், அதன் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், அதை ஒரு மருத்துவ அறையாகக் கொண்டு நீங்கள் பதிவுசெய்து பரிசோதிக்க வேண்டும். பதிவுபெற்ற வைத்தியரும், நாட்டில் பதிவுசெய்யப்பட்ட மருந்தும், விபத்து நேர்ந்தால் கையெட்டும் தூரத்தில் மாற்று மருந்தும் இல்லாத இடத்தில் ஓர் ஊசி கூட ஏற்றப்படக்கூடாது. இந்த மடலில் மற்றவையெல்லாம் இதற்கான காரணங்களே.

நான் வைத்தியன் அல்லன். அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். எந்த முகத்துக்கு எது பொருந்தும் என்பது பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் குப்பி, பெட்டி, தொகுதி இலக்கம், குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை ஆகியவற்றைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன். அழகை விரும்புவதைக் குற்றமாகப் பேசுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஐம்பது வயதில் ஒரு பெண் தன் நெற்றிக் கோடுகளைக் குறைக்க விரும்பினால் அது அவருடைய முகம், அவருடைய பணம். அந்த விருப்பத்துக்காக அவர் பார்வையையோ மூச்சையோ பணயம் வைக்க நேரக்கூடாது என்பதே என் கவலை.

பொட்டொக்ஸ் என்ற வணிகப் பெயரால் எல்லோரும் அழைக்கும் பொட்டுலினம் நச்சிலிருந்து தொடங்குகிறேன். குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியா உண்டாக்கும் இந்த நச்சு, நரம்பு நுனியிலிருந்து தசைக்குச் செல்லும் இரசாயனச் செய்தியை மறித்துத் தசையைச் சில மாதங்களுக்கு ஓய்வில் வைக்கின்றது. மாறுகண்ணுக்கும் கண்ணிமை இழுப்புக்குமான மருந்தாக 1989ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதை அங்கீகரித்தது. புருவங்களுக்கிடையிலான கோடுகளுக்கு அதே நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது 2002ஆம் ஆண்டில்தான். மூளைவாதத்தால் கால் விறைத்த சிறுவர்களுக்கும், நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் இன்றும் இது பயன்படுகின்றது. அத்தகைய சிகிச்சையை வைத்தியர் சொல்லிப் பெறுபவர்கள் இந்த மடலை வாசித்துப் பயந்து நிறுத்திவிட வேண்டாம். சரியான கையில், சரியான அளவில், இது நன்றாக ஆராயப்பட்ட மருந்து.

சிக்கல் அந்த அளவில்தான் இருக்கின்றது. ஒரு குப்பியிலுள்ள நச்சின் நிறை, ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்லப்படுவது. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் ஒரு மெல்லிய படலம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பெரும்பாலும் வெறுங்குப்பி போலவே இருக்கும். ஆகவே அதற்குள் சரியான மருந்து இருக்கின்றதா, பத்து மடங்கு கூடுதலாக இருக்கின்றதா, ஒன்றுமே இல்லையா என்பதைக் கண்ணால் எவரும் சொல்ல முடியாது, நாற்பது வருட அனுபவமுள்ள மருந்தாளரும் சொல்ல முடியாது. பெட்டியின் வரலாறு ஒன்றே சாட்சி: எங்கே தயாரானது, யார் இறக்குமதி செய்தார், எந்தத் தொகுதி, வழி நெடுகிலும் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கப்பட்டதா என்ற வரலாறு. இந்த நச்சின் அலகுகளும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடுகின்றன. ஒரு வணிகப் பெயரின் 20 அலகும் இன்னொன்றின் 20 அலகும் ஒன்றல்ல. இதை அறியாத கை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, நோயாளி பெறும் அளவும் தெரியாமலே மாறிவிடும்.

நம்மூரில் மருந்து எப்படி வந்து சேர்கின்றது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் உறவினர் பெட்டிக்குள் விற்றமினும் வலிக்களிம்பும் கொண்டுவருவது இங்கு பாசத்தின் அடையாளம். அதே பயணப் பெட்டிக்குள், பலாலியிலோ கட்டுநாயக்காவிலோ இறங்கி, வெயிலில் வாகனத்தில் காத்திருந்து வரும் குப்பிக்குக் குளிர்ச்சங்கிலி, அதாவது வழி முழுவதும் குறையாத குளிர்ப் பாதுகாப்பு, என்று ஒன்று இருக்க முடியாது. எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் இளம்பெண் ஒருவர், தனது உதட்டுக்கு ஏற்றப்பட்ட மருந்தின் வெற்றுப் பெட்டியை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார். அதில் இலங்கைப் பதிவு இலக்கம் இல்லை, இறக்குமதியாளர் பெயர் இல்லை, எழுத்துக்கள் எனக்குத் தெரியாத ஒரு மொழியில் இருந்தன, காலாவதித் திகதி இருந்திருக்க வேண்டிய இடத்தில் வேறொரு ஒட்டுத்தாள் இருந்தது. அவருக்கு இதுவரை தீங்கேதும் நேரவில்லை. அது அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

தரக்குறைவான இம்யூனோகுளோபுலின் (நோயெதிர்ப்புப் புரத மருந்து) குப்பிகள் அரச வைத்தியசாலைகளுக்குள்ளேயே வந்து சேர்ந்த 2023ஆம் ஆண்டின் விவகாரத்தை நாடு இன்னும் மறக்கவில்லை. கேள்விப்பத்திரம், களஞ்சியம், கணக்காய்வு எல்லாம் உள்ள ஓர் அமைப்புக்குள்ளேயே அது நடக்க முடிந்ததென்றால், எந்தக் கணக்கும் இல்லாத ஓர் அறைக்குள் வரும் குப்பியை நாம் எதைக் கொண்டு நம்புவது?

சரியான மருந்திலும் பக்கவிளைவுகள் உண்டு. ஊசி ஏறிய இடம் கன்றிப்போதல், தலைவலி, புருவம் ஏறியும் இறங்கியும் நிற்றல், மேலிமை தாழ்ந்து கண் பாதி மூடிக்கொள்ளுதல் என்பன தெரிந்தவை. தாழ்ந்த இமை கிழமைக்கணக்கில் அப்படியே இருக்கலாம். பிறகு தானாகவே மீளும். ஆனால் இந்த நச்சு ஊசி ஏறிய இடத்தை விட்டு உடலில் பரவுமானால் நிலைமை வேறு. பார்வை இரட்டையாகும், குரல் கம்மும், விழுங்க முடியாமற்போகும், மூச்சுவிடும் தசைகள் தளரும். மணித்தியாலங்களிலும் இது தொடங்கலாம், கிழமைகள் கழித்தும் தொடங்கலாம். இந்த எச்சரிக்கையை மருந்தின் அறிவுறுத்தல் தாளில் கட்டம் கட்டி அச்சிட வேண்டுமென்று 2009ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்டது. தசைக்களைப்பு நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆபத்தானது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் தவிர்க்கப்படுவது. ஊசி ஏற்றுமுன் இவற்றையெல்லாம் கேட்டறிவதற்குத்தான் வைத்தியர் தேவை.

எங்கோ தொலைவில் மட்டும் நடப்பதாக இதை எண்ண வேண்டாம். நம் உறவுகள் வாழும் நாடுகளில் நடந்தவையே உதாரணங்கள். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் 11 மாநிலங்களைச் சேர்ந்த 22 பேர், பயிற்சியோ அனுமதியோ இல்லாதவர்களிடம் அல்லது வீடுகள், ஸ்பா நிலையங்கள் போன்ற மருத்துவமல்லாத இடங்களில் இந்த ஊசியை ஏற்றிக்கொண்டு பாதிக்கப்பட்டதாகவும், அவர்களில் 11 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதாகவும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அறிவித்தது. சிலருக்கு ஏற்றப்பட்டது போலி மருந்து. 2025ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்துக்கும் ஜூலை நடுப்பகுதிக்கும் இடையில் இங்கிலாந்தில் அழகு ஊசியால் பொட்டுலிசம் எனப்படும், இந்த நச்சு உடலில் பரவுவதால் வரும் நோய்க்கு ஆளானவர்கள் 38 பேர். இதற்கு நச்சுமுறி மருந்து உண்டு. ஆனால் அது குருதியில் சுற்றிக்கொண்டிருக்கும் நச்சைத்தான் பிடிக்கும், ஏற்கெனவே நரம்பைப் பற்றிக்கொண்டதை விடுவிக்காது. அதன் பிறகு நோயாளி, தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசத்தோடு, நரம்பு புதிதாகத் தழைக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ஒரு கிழமை கழித்து அறிகுறி தொடங்கும்போது நம்முடைய வாடிக்கையாளர் எங்கே இருப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கும் ஆவணிக் கலியாணத்துக்கும் விடுமுறையில் வந்தவர், அப்போது விமானத்தில் இருக்கலாம். பாரிசிலோ ஸ்காபரோவிலோ அவரைப் பார்க்கும் வைத்தியருக்கு, எந்தக் குப்பியிலிருந்து எத்தனை அலகு ஏறியது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் இராது. தடுப்பூசிக்கு அட்டை கொடுக்கும் வழக்கத்தை நம் சுகாதாரத் துறை ஊருக்கே பழக்கி வைத்திருக்கின்றது; மருந்தின் பெயரும், தொகுதி இலக்கமும், அளவும், ஏற்றிய இடமும், ஏற்றியவரின் பதிவு இலக்கமும் எழுதிய ஓர் அட்டையை இதற்கும் கட்டாயமாக்குவதில் என்ன தடை?

இங்கு இன்னொரு விடயத்தையும் சொல்லிவைக்கிறேன். பொட்டொக்ஸ் வேலைசெய்யத் தொடங்க மூன்று நான்கு நாட்களாகும், முழுப்பயன் தெரிய ஏறக்குறைய இரண்டு கிழமை ஆகும். கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்க ஊசி ஏற்றிக்கொண்டு, மறுநாளே கோடு மறையவில்லை என்று திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்குபவர் இருக்கின்றார் என்றால், கேட்டவரைவிடக் கொடுத்தவரில்தான் பிழை அதிகம்.

ஃபில்லர் என்பது முற்றிலும் வேறு பொருள். இது தசையைத் தளர்த்துவதில்லை; தோலுக்கடியில் இடத்தை நிரப்புகின்றது. இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹையலுரோனிக் அமிலம், அதாவது நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே உள்ள ஒரு பொருளைக் கூழாக்கியது. உடலில் உள்ள பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று விற்பவர் சொல்வதை நம்ப எளிதாக இருக்கின்றது. ஆனால் இருக்கும் இடம் மாறினால் உடலில் உள்ள பொருளும் உயிருக்கு உலை வைக்கும்.

முகத்தின் நாடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. புருவங்களுக்கிடையிலும் மூக்கின் மேலும் ஓடும் சிறு நாடிகள், கண்ணுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியின் கிளைகள். ஊசிமுனை தவறுதலாக அத்தகைய கிளையொன்றுக்குள் புகுந்து, கூழ் அழுத்தித் தள்ளப்பட்டால், அது குருதியின் ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கி ஏறும். அழுத்தம் நின்றதும் குருதி அதை முன்தள்ளி விழித்திரை நாடிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். தோட்டத்துக்கு இறைக்கும்போது கிளைவாய்க்காலில் தள்ளிய மண் தலைவாய்க்காலை அடைத்துவிடுவதைக் கண்டவர்களுக்கு இது புரியும். விழித்திரை குருதியில்லாமல் தாக்குப்பிடிப்பது ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒன்றரை. இவ்வாறு போன பார்வை திரும்பக் கிடைத்தவர்கள் உலகெங்கிலும் மிகச் சிலரே. மூளைக்குச் செல்லும் நாடி அடைபட்டுப் பாரிசவாதம் வந்தவர்களும் இருக்கிறார்கள். இவை அரிதாக நேர்பவை என்பதை மறைக்கவில்லை. அரிதானது நேரும்போது அந்த அறையில் யார் நிற்கின்றார் என்பதே கேள்வி.

கண்ணுக்குப் போகாமல் தோலுக்குப் போகும் நாடி அடைபடுவது அதைவிட அடிக்கடி நேர்வது. முதலில் அந்த இடம் வெளிறும், பிறகு வலை போட்டாற்போல நீலமும் சிவப்புமாகப் படரும், கவனிக்காவிட்டால் கொப்புளித்துக் கறுத்துத் தோல் அழுகும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு மூன்று விநாடிகளில் நிறம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் நாடி அடைபட்டிருக்கலாம் என்பதைப் பயிற்சி பெற்றவர் அங்கேயே அறிவார். வலி இல்லை என்பது இங்கு ஆறுதலாகாது. மரத்துப்போக வைக்கும் களிம்பு ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும், ஃபில்லரோடும் பெரும்பாலும் லிடோகெயின் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்திருக்கும். அழகு நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தால் கிடைக்கும் பதில் வழக்கமாக, ஐஸ் வையுங்கள், நாளைக்கு வற்றிவிடும் என்பதுதான். வெறும் வீக்கத்துக்கு அது சரி. அடைபட்ட நாடிக்கு ஐஸ் மேலும் கெடுதல், ஏனென்றால் குளிர் குருதிக்குழாய்களை இன்னும் சுருக்கும்.

இதற்கு மாற்று மருந்து ஒன்று உண்டு. ஹையலுரோனிடேஸ் என்ற நொதியம் ஹையலுரோனிக் அமிலக் கூழைக் கரைத்துவிடும். இது அபூர்வமான மருந்தன்று. கண் சத்திரசிகிச்சையின்போது கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஏற்றும் ஊசியோடு கலப்பதற்குக் கண் வைத்தியர்கள் பல காலமாகப் பயன்படுத்தி வருவது. நாடி அடைபட்டால் இதைத் தாராளமான அளவில், நிறம் திரும்பும் வரை மணித்தியாலத்துக்கொரு தடவை என்று திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். சிலருக்கு இதுவே கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்பதால் அட்ரினலினும் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்போது தூரத்தைக் கணக்கிடுங்கள். பருத்தித்துறையிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும், சந்தேகம் வந்து, அழகு நிலையத்தோடு வாக்குவாதப்பட்டு, வீட்டாருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்து, வெளிநோயாளர் பிரிவில் காரணத்தைச் சொல்லி முடிக்கும்போது அந்த ஒன்றரை மணித்தியாலம் கழிந்திருக்கும். நெடுந்தீவிலிருந்து வந்து ஏற்றிக்கொண்டு படகில் திரும்பிப் போகிறவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாற்று மருந்து ஊசி ஏற்றும் அறையிலேயே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த நொதியம் ஹையலுரோனிக் அமிலத்தை மட்டுமே கரைக்கும். கல்சியம் சார்ந்த ஃபில்லர்களை அது தொடாது. திரவ சிலிக்கோனைக் கரைக்கும் மருந்தே இல்லை. வருடங்கள் கழித்துக் கட்டியாகவும் புண்ணாகவும் இடம்பெயர்ந்த வீக்கமாகவும் அது வெளிப்படும்போது வெட்டி எடுப்பதைத் தவிர வழி குறைவு, முழுவதும் எடுக்கவும் முடியாது. முகத்துக்கு ஏற்றப்படுவது எது என்று தெரியாதபோது, எதைக் கொண்டு கரைப்பது என்பதும் தெரியாது. பெட்டியைக் காட்டு என்று கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இருப்பது போதாது, காட்டாமல் ஏற்றுவது குற்றமாக வேண்டும். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஃபில்லரைத் தோலுக்குள் செலுத்தும் பேனை போன்ற கருவிகளைப் பயன்படுத்த வேண்டாமென்று 2021ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இணையத்தில் அவை இன்னும் விற்பனையில் உள்ளன.

கிருமித் தொற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலும் போதும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு மூடப்பட்ட ஓர் அழகு நிலையத்தில், நுண்ணூசிகளோடு சொந்தக் குருதிக் கூறை முகத்தில் இடும் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2024ஆம் ஆண்டு ஆவணப்படுத்தியது. அழகு ஊசிச் சேவை வழியாக எச்.ஐ.வி. பரவியதாகப் பதிவான முதற் சம்பவம் அதுவே. ஒரு குப்பியை இருவருக்குப் பங்கிடுவதும், மீந்த ஃபில்லரை அடுத்த முறைக்கென்று குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் சிக்கனமாகத் தோன்றலாம். அந்தச் சிக்கனத்தின் விலையை அங்குள்ள பெண்கள் கொடுத்துவிட்டார்கள். வைத்தியசாலையில் ஊசிமுனைகளுக்கு மஞ்சள் பெட்டி உண்டு, எரிப்பதற்கு ஒழுங்குமுறை உண்டு. அழகு நிலையத்து ஊசிமுனை எங்கே போகின்றது? நகரத்துக் குப்பை கல்லுண்டாய்க்குப் போகின்றது. அங்கே வெறுங்கையால் பிளாஸ்ரிக் பொறுக்குகிறவரும், அதை ஏற்றிச் செல்லும் மாநகரசபைத் தொழிலாளியும் இந்த அழகு வியாபாரத்தில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள்.

வெளுப்பாவதற்கென நாளத்தில் ஏற்றப்படும் குளுட்டாதயோன் முகத்தில் ஏற்றும் ஊசியன்று என்றாலும், அதே கதிரையில், அதே கையால் ஏற்றப்படுவதால் அதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். தோலை வெளுப்பாக்குவதற்கு இதை ஊசியாக ஏற்றுவது பாதுகாப்பற்றது என்று பிலிப்பைன்ஸ் நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பகிரங்கமாக எச்சரித்திருக்கின்றது. சிறுநீரகம், ஈரல், தைரொயிட் ஆகியவற்றுக்கான தீங்கும், தோல் உரிந்து உயிராபத்தாகும் கடும் ஒவ்வாமையும் அந்த எச்சரிக்கையில் குறிப்பிடப்படுகின்றன. பொம்பிளை கொஞ்சம் நிறம் குறைவு என்று சொல்லிச் சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கும் ஊரில் இந்த ஊசிக்கு வாடிக்கையாளர் குறையப்போவதில்லை. அந்த வெட்கம் அவர்களுடையதன்று, நம்முடையது.

புதிய சட்டம் இயற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்யும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது, அதன்கீழ்த்தான் ஒழுங்குமுறைச் சபை அமைந்துள்ளது. மருந்துகளின் பதிவையும் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்தும் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கமாக இருக்கின்றது. யார் வைத்தியம் செய்யலாம் என்பதை 1927ஆம் ஆண்டிலிருந்தே மருத்துவக் கட்டளைச் சட்டம் சொல்லி வருகின்றது. இத்தனை இருந்தும், இவை சந்திக்கும் இடத்தில் ஓர் ஓட்டை தெரிகின்றது. அழகு நிலையத்துக்கு வியாபார உரிமம் கொடுப்பது உள்ளூராட்சி மன்றம். அதன் படிவம் கதிரை, கண்ணாடி, கழிவறை ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும், குப்பியைப் பற்றிக் கேட்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உணவகத்துச் சமையலறைக்குள் துணிந்து நுழைவதைப் போல, அழகு நிலையத்தின் உள்ளறைக்குள் நுழைவதில்லை. பெண்களுக்கான இடம் என்ற தயக்கமும் இதில் உண்டு. மருந்து ஒழுங்குமுறையும் தனியார் நிறுவனப் பதிவும் கொழும்பில் இருக்கின்றன. மூவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருக்கும்போது, உள்ளறையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கின்றது.

ஆகவே பிராந்தியப் பணிப்பாளர் அவர்கள், சுகாதார வைத்திய அதிகாரிகள் வழியாக ஒவ்வொரு பிரிவிலும் ஊசிச் சேவை விளம்பரப்படுத்தும் இடங்களைக் கணக்கெடுக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக் குழுவில் பெண் உத்தியோகத்தர் ஒருவரும் மருந்து மற்றும் உணவுப் பரிசோதகரும் இருந்தால் மேற்சொன்ன தயக்கத்துக்கு இடமிராது. பதிவில்லாத இடங்களில் ஊசி நிறுத்தப்பட வேண்டும், அதோடு வியாபார உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஊசிச் சேவை இல்லை என்ற எழுத்துமூல உறுதியை மாநகர, நகர, பிரதேச சபைகள் கேட்டு வாங்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காகப் பொட்டொக்சும் ஃபில்லரும் ஏற்றுவதை இங்கிலாந்து 2021ஆம் ஆண்டு ஒக்ரோபரிலிருந்து குற்றமாக்கியது. சாமத்திய வீட்டுக்கும் ஒப்பனைப் பொதி விற்பனையாகும் நம்மூரில் அந்த வயதெல்லை உங்கள் பதிவு நிபந்தனைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

அழகுக்கலை நிலையங்களை நடத்தும் சகோதரிகள் இந்த மடலைத் தங்கள் மீதான வசையாக எடுத்துக்கொள்ளக்கூடாது. போருக்குப் பின் தனித்து நின்று குடும்பத்தைச் சுமந்த எத்தனையோ பெண்களுக்கு மணப்பெண் அலங்காரமும் சிகை அலங்காரமும்தான் அடுப்பை எரிய வைத்தன. அந்தத் தொழிலின் நற்பெயரைக் கெடுப்பது பரிசோதனை ஆகாது. சில நாள் பயிற்சியில் கிடைத்த சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு ஊசியைக் கையிலெடுக்கும் ஒரு சிலரே அதைக் கெடுப்பார்கள். ஒரு வைத்தியர் மாதத்தில் ஒரு நாள் வந்து போகின்றார், மற்ற நாட்களில் அவருடைய பெயரில் வேறொருவர் ஏற்றுகின்றார் என்றால், அந்த வைத்தியரையும் இலங்கை மருத்துவ சபை கேள்வி கேட்க வேண்டும். எல்லாப் பழியும் உதவியாளராக நின்ற பெண்ணின் தலையில் விழுந்துவிடக்கூடாது.

கடைசியாக, கணக்கு. முகத்தில் ஏற்றிய ஊசியால் இந்த மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை எங்கும் நான் காணவில்லை. பாதிக்கப்பட்டவர் சொல்லமாட்டார், சொன்னால் கலியாணம் குழம்பும், மாமியார் அறிவார், ஊர் சிரிக்கும் என்ற பயம். போதனா வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு, தோல் சிகிச்சைப் பிரிவு, கண் சிகிச்சைப் பிரிவு ஆகிய மூன்றிலும், நோயாளியின் பெயர் வெளிவராத ஒரு பதிவுப் படிவம் வைக்கப்பட்டு, அந்தத் தகவல் மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் பக்கவிளைவு அறிக்கையிடும் முறைக்கு ஒழுங்காக அனுப்பப்பட வேண்டும். அதே மூன்று பிரிவுகளிலும் ஹையலுரோனிடேஸ் எந்த அலுமாரியில் இருக்கின்றது, இரவு வேளையில் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்பதையும் இப்போதே தீர்மானித்து எழுதி ஒட்டி வைக்குமாறு, பழைய மருந்தாளன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

பரிசோதனை முடியும் வரை காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாழ் மாவட்டத்தில் முகத்தில் ஊசி ஏற்றச் சட்டப்படி அனுமதியுள்ள இடங்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, எல்லாச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் தாய் சேய் கிளினிக்குகளிலும் ஒட்டுங்கள். ஓர் இடம்கூட இல்லையென்றால், இல்லை என்பதையே அச்சிட்டு ஒட்டுங்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் அது வெளிவந்தால் இந்த ஆவணிக் கலியாணங்களுக்கு உதவும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற அரச மருந்தாளர் ஒருவர்,
கொக்குவில்.